டேட்டிங் செயலிகள் யாரோடு யாரைச் சேர்க்கின்றன? டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு எந்தப் பொருளை முதலில் காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்குகள்தான் என் துறை. டேட்டிங் செயலிகளுக்குள் ஓடுவதும் அதே குடும்பத்துக் கணக்குதான் என்பதால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் இளைஞர்கள், அவர்களுடைய அம்மாக்கள், சில சமயம் ஆயாக்கள்கூட என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த நிறுவனமும் தன் நிரலை முழுதாக வெளியிடுவதில்லை. நிறுவனங்களே சொன்னது, ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தது, இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்தது ஆகியவற்றை வைத்தே பதில் சொல்கிறேன்.

அக்கா, செயலி எனக்கு ஏற்றவரைத்தானே தேடித் தருகிறது?

உங்களுக்கு ஏற்றவர் யார் என்று அதற்குத் தெரியாது. ஒருவரோடு பத்து வருடம் குடும்பம் நடத்துவீர்களா என்று அறிய அதற்கு வழியும் இல்லை. நீங்கள் இருவரும் சந்தித்த பிறகு நடப்பது பெரும்பாலும் அதன் பார்வைக்கே வராது. ஹிஞ்ச் என்ற செயலி 2018 முதல் "சந்தித்தீர்களா, மறுபடி சந்திக்க விருப்பமா?" என்று கேட்டு வருகிறது. மற்றபடி செயலி பார்ப்பதெல்லாம் திரைக்குள் நடப்பதைத்தான்: யாரைப் பிடித்திருக்கிறது என்று வலப்பக்கம் தள்ளினீர்கள், யாரை வேண்டாம் என்று இடப்பக்கம் தள்ளினீர்கள், யாருக்குச் செய்தி எழுதினீர்கள், அவர் பதில் எழுதினாரா.

இதிலிருந்து அது இரண்டு வாய்ப்புகளைக் கணிக்கிறது. அவரைக் காட்டினால் நீங்கள் சரி என்பீர்களா? உங்களைக் காட்டினால் அவர் சரி என்பாரா? இரண்டும் சேர்ந்து யாருக்குக் கூடுதலாக வருகிறதோ அவர் முன்னால் வருகிறார். பொருத்தம் என்று செயலி சொல்வது இந்தச் சம்மதக் கணிப்பைத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

எதை எல்லாம் பார்த்து வரிசைப்படுத்துகிறது?

முதலில் தூரம், வயது, நீங்கள் தேடும் பாலினம். இவை கதவு மாதிரி. தாண்டாதவர் உள்ளே வருவதே இல்லை. அடுத்து, அண்மையில் செயலியைத் திறந்தவரா என்பது. இணையும் வாய்ப்பைக் கூட்ட நீங்கள் செய்யக்கூடிய மிக முக்கியமான காரியம் செயலியைப் பயன்படுத்துவதுதான் என்று டிண்டர் என்ற செயலியின் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. மூன்று மாதமாகத் தலைகாட்டாதவரைக் காட்டி என்ன பயன்? அதன் பிறகுதான் உங்கள் விருப்பங்களும் மற்றவர்களின் விருப்பங்களும் கணக்குக்குள் வருகின்றன.

நூறு கேள்வி கேட்கும் தளங்கள் இன்னும் சரியாகச் சேர்க்குமா?

கேள்வித்தாள் வைத்து ஜோடி சேர்ப்பது பழைய வழக்கம். 1965இல் ஹார்வர்டு மாணவர்கள் சிலர் "ஆபரேஷன் மேட்ச்" என்ற பெயரில் 3 டாலர் வாங்கிக்கொண்டு, விடைகளைத் துளை அட்டைகளில் ஏற்றி, ஐபிஎம் கணினியில் ஓட்டினார்கள். 2000இல் வந்த ஈஹார்மனியும் நீண்ட கேள்வித்தாளை நம்பியே தொடங்கியது. கணக்கை வெளியே சொன்ன தளம் 2004இல் கணிதம் படித்த நால்வர் தொடங்கிய ஓகேக்யூபிட். அவர்கள் வெளியிட்ட பழைய விளக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் மற்றவர்கள் எல்லாம் மூடி வைத்திருப்பதை இங்கே கையால் போட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் விடை, எதிரே இருப்பவரிடம் நீங்கள் விரும்பும் விடை, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று மூன்றையும் குறிக்க வேண்டும். முக்கியமே இல்லை என்றால் 0 புள்ளி, கொஞ்சம் என்றால் 1, ஓரளவு என்றால் 10, மிகவும் என்றால் 50, கட்டாயம் என்றால் 250. ஒரு பெண் கடவுள் நம்பிக்கை பற்றிய கேள்விக்கு 50, குழந்தை வேண்டுமா என்பதற்கு 10, காரம் சாப்பிடுவாரா என்பதற்கு 1 வைத்திருக்கிறாள் என்று கொள்வோம். மொத்தம் 61. அந்தப் பையன் முதலாவதிலும் மூன்றாவதிலும் அவள் விரும்பிய விடையைச் சொல்லியிருந்தால் 61க்கு 51, அதாவது சுமார் 84 சதவீதம். குழந்தை விஷயத்தில் அவன் முற்றிலும் எதிர்ப்பக்கம் என்றாலும் 84 சதவீதம்! முக்கியத்துவத்தை யோசிக்காமல் தட்டிக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும்.

பிறகு அவன் பக்கத்துக் கணக்கையும் போடுகிறார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பதில்லை. பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறார்கள். ஒரு பக்கம் 90, மறுபக்கம் 40 என்றால் சாதாரணச் சராசரி 65, இவர்கள் முறையில் 60. ஒருதலைக் காதலுக்கு மதிப்பு குறைய வேண்டும் என்று இப்படி வைத்தார்கள். நல்ல யோசனை என்றே சொல்வேன். இருவரும் விடை சொன்ன பொதுக் கேள்விகள் குறைவாக இருந்தால் சதவீதத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு: இரண்டே பொதுக் கேள்வி என்றால் 50க்கு மேல் போகவே முடியாது. ஆகவே விடைகளைப் பாதியில் நிறுத்தியவருக்கு உயர்ந்த சதவீதம் வராததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

டிண்டர் எனக்கு ரகசியமாக மதிப்பெண் போடுகிறதா?

போட்டது. 2016இல் அதன் நிறுவனர்களில் ஒருவரே ஒரு பத்திரிகைக்கு அதை ஒப்புக்கொண்டார். அர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்க வீரர்களுக்கு வகுத்த தரவரிசை முறையை ஒட்டியது அது. பெரிய ஆட்டக்காரரை வென்றால் சதுரங்கத்தில் புள்ளி அதிகம் ஏறும். அதேபோல் பலர் விரும்பும் ஒருவர் உங்களை விரும்பினால் உங்கள் மதிப்பெண் அதிகமாக ஏறியது. ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் காட்டினார்கள். 2019 மார்ச்சில் ஈலோ முறையைக் கைவிட்டுவிட்டதாக டிண்டர் அறிவித்தது. பெயர் போனாலும், எத்தனை பேர் உங்களை விரும்புகிறார்கள் என்ற செய்தி இல்லாமல் எந்தச் செயலியும் சம்மதத்தைக் கணிக்க முடியாது. அது உங்கள் மதிப்பு இல்லை, தங்கச்சி. பெரும்பாலும் முதல் படத்தின் மதிப்பு.

ஹிஞ்ச் தினமும் ஒருவரை "உங்களுக்கு மிகப் பொருத்தம்" என்று காட்டுகிறதே, அது எப்படி?

2018இல் வந்த ஏற்பாடு அது. அடியில் இருப்பது டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962இல் எழுதிய முறை. ஷாப்லிக்கு 2012இல் பொருளாதார நோபல் கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கேல் அதற்கு நான்கு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

முறை இதுதான். ஒரு பக்கத்தார் ஒவ்வொருவரும் தம் பட்டியலில் முதலில் இருப்பவரைக் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவர் வந்தவர்களில் சிறந்தவரைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறார். அனுப்பப்பட்டவர்கள் தம் பட்டியலில் அடுத்தவரிடம் போகிறார்கள். புதிதாக வந்தவர் மேலானவர் என்றால் பழையவரை விட்டுவிடலாம். சுற்று முடிந்ததும், தம் ஜோடியை விட ஒருவரை ஒருவர் அதிகம் விரும்பும் இருவர் தனித்தனியாக வேறெங்கும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அதைத்தான் நிலைத்த ஜோடி என்கிறார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு: நிலைத்த ஏற்பாடுகளில் கேட்கும் பக்கத்தாருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்தவர் கிடைக்கிறார், காத்திருக்கும் பக்கத்தாருக்கு அந்த உறுதி இல்லை. வாய்விட்டுக் கேட்பவருக்கு லாபம் என்று கணிதமே சொல்கிறது. நம் பெண்பிள்ளைகளிடம் இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு.

ஆனால் நீங்கள் ஹிஞ்சிடம் பட்டியல் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. உங்கள் விருப்பங்களையும் மறுப்புகளையும் பார்த்து அதுவே ஊகித்து எழுதுகிறது. ஊகம் தவறினால் நோபல் கணிதமும் தவறான ஆளைத்தான் கொண்டுவந்து நிறுத்தும்.

நான் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 10 கிலோமீட்டர் என்று வைத்தாலும் இந்தியர்களே வருகிறார்கள். செயலிக்கு என் இனம் எப்படித் தெரியும்?

கேட்கப்படும் கேள்விகளில் எனக்கு மிக முக்கியமானது இதுதான்.

சாட்ஸ்வொர்த் 1960களில், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் இந்தியர்களுக்கென்று கட்டப்பட்ட ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உம்லாசி, ஆப்பிரிக்கர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதேபோல் 1970களில் இந்தியர்களுக்கென்று எழுந்த ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் ஆப்பிரிக்கர்கள் வாழும் க்வாமாஷுவும் இனாண்டாவும். செயலி தூரத்தை நேர்க்கோட்டில் அளக்கிறது. நடுவில் இருக்கும் ஆற்றையோ சாலையையோ அது கண்டுகொள்வதில்லை. ஆகவே நீங்கள் போட்ட 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் உம்லாசியின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. முதல் படியில் இரண்டு ஊர் ஆட்களும் இருக்கிறார்கள்.

பிரிவது அடுத்த படியில். நீங்கள் முதல் நாள் சிலரை வலப்பக்கம் தள்ளுகிறீர்கள். உங்களைப் போலவே தள்ளிய வேறு பெண்கள் யார் என்று கணக்கு தேடுகிறது. அவர்கள் வேறு யாரை எல்லாம் விரும்பினார்கள் என்று பார்த்து, அவர்களை உங்களிடம் கொண்டுவருகிறது. "இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்" என்று கடைகள் காட்டுவதும் இதே வழிதான். இந்தக் கணக்கில் இனம் என்ற கட்டம் எங்கும் இல்லை. ஆனால் சாட்ஸ்வொர்த் பெண்கள் பலர் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பையன்களையே வலப்பக்கம் தள்ளியிருந்தால், நீங்கள் அப்படி ஐந்து பேரைத் தள்ளியதுமே உங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறது. உம்லாசிப் பையன் வரிசையில் பின்னால் போகிறான். பின்னால் இருப்பவனை நீங்கள் பார்ப்பதே இல்லை; பார்க்காதவனை வலப்பக்கம் தள்ள முடியாது. தள்ளாததால் உங்களுக்கு அவனைப் பிடிக்காது என்று கணக்கு இன்னும் உறுதியாக நம்புகிறது. இப்படியே சுழல்கிறது.

இந்த நாட்டில் இனம் கடந்து மணப்பதைத் தடுத்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் 1985இல் நீக்கப்பட்டது. குரூப் ஏரியாஸ் சட்டம் 1991இல் போனது. சட்டம் அழித்த கோட்டை ஒரு கணக்கு சத்தமில்லாமல் திரும்பப் போடுவதை நான் ஏற்கவில்லை. தமிழ்ப் பையனைத்தான் கட்டுவேன் என்று நீங்கள் சொன்னால் அது உங்கள் உரிமை. ஆனால் அதை நீங்கள் சொல்ல வேண்டும்; உங்கள் சார்பில் செயலி சொல்லக் கூடாது.

இனம் முக்கியமில்லை என்று குறித்துவிட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய காஃபி மீட்ஸ் பேகல் என்ற செயலியில், இன விருப்பம் எதுவும் இல்லை என்று குறித்தவர்களுக்கும் தம் இனத்தாரே பெரும்பாலும் வந்தார்கள். 2016இல் ஒரு செய்தியாளர் இதைக் கேட்டபோது, மக்கள் விருப்பமில்லை என்று குறித்தாலும் நடைமுறையில் சொந்த இனத்தாரையே அதிகம் ஏற்கிறார்கள், அதனால் அப்படிக் காட்டினால் இணைப்பு கூடுகிறது என்று நிறுவனத் தரப்பில் விளக்கினார்கள். வாயால் சொன்னதை விட விரல் செய்ததைக் கணக்கு நம்புகிறது.

2020இல், ஆண்களை விரும்பும் ஆண்கள் அதிகம் பயன்படுத்தும் கிரைண்டர் என்ற செயலி, இனம் பார்த்து ஆட்களை ஒதுக்க உதவிய வடிகட்டியை எடுத்தது. அதே ஆண்டு ஷாதி என்ற திருமணத் தளம், பெண்கள் நடத்திய கையெழுத்து இயக்கத்துக்குப் பிறகு தோல்நிற வடிகட்டியை எடுத்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் வடிகட்டி என்பது கண்ணுக்குத் தெரிவது. மேலே சொன்ன சுழல் தெரியாதது. அதை உடைக்க உங்கள் விரல்தான் வழி: முதல் சில நாட்கள் அவசரப்படாமல், ஒவ்வொருவர் எழுதியதையும் படித்து, நீங்கள் உண்மையிலேயே பேச விரும்பும் எல்லோரையும் வலப்பக்கம் தள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு வாரத்திலேயே ஆள் தீர்ந்துவிட்டது. ஏன்?

ஒரு வட்டாரத்தில் 4,000 பேர் கணக்கு வைத்திருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் தேடும் பாலினம் பாதி: 2,000. உங்கள் வயது வரம்புக்குள் கால்வாசி: 500. புகைக்காதவர் பாதி: 250. உயரம் பார்த்தால் அதிலும் பாதி: 125. அந்த 125 பேரும் உங்களைப் போலவே வடிகட்டி வைத்திருப்பார்கள். ஐந்தில் ஒருவருடைய வடிகட்டி உங்களை ஏற்றால் மிச்சம் 25. தமிழர் மட்டும் என்று சொல்லி, பத்தில் ஒருவர் தமிழர் என்றால் இரண்டோ மூன்றோ பேர். ஒவ்வொரு வடிகட்டியும் நியாயமாகத்தான் தெரியும், சேர்ந்துதான் ஆளைத் தீர்க்கின்றன. உயரத்தை முதலில் விடுங்கள். அடுத்து தூரத்தைக் கூட்டி டர்பனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் தீரும்போது சில செயலிகள் நீங்கள் முன்பு ஒதுக்கியவர்களையே மறுபடி காட்டும். அதில் உள்ளர்த்தம் தேட வேண்டாம்.

என் மாமா மகன் கண்ணில் பட்டுவிட்டால்?

நம் சமூகம் சிறியது, படுவான். டிண்டரில் 2021 முதல் தொலைபேசித் தொடர்புகளைக் குறிப்பிட்டுத் தடுக்கலாம். அந்த எண்ணில்தான் அவன் கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பத்துப் பொருத்தம் பார்ப்பதை விட இது எந்த விதத்தில் மேல், அம்மா?

ஒரு பாட்டி கேட்ட கேள்வி. மேல், கீழ் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, ஆயா. வித்தியாசத்தைச் சொல்கிறேன். தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று பார்ப்பது பிறந்த நட்சத்திரத்தை வைத்து. 27 நட்சத்திரத்துக்கும் அட்டவணை முன்பே எழுதப்பட்டிருக்கிறது. யார் பார்த்தாலும், என்றைக்குப் பார்த்தாலும் அதே விடை. பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துச் சரிபார்க்கலாம். செயலியின் விடை நேற்றிரவு யார் எதைத் தள்ளினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். நீங்கள் சரிபார்க்கவும் முடியாது. நம் திருமணத் தளங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன: நட்சத்திரம், படிப்பு, சாதி என்று குடும்பம் எழுதிய எதிர்பார்ப்புகளை வடிகட்டியாக வைத்துப் பட்டியல் போடுவதே அவற்றின் அடிப்படை வேலை. வெளிப்படையாக எழுதியது என்பதால் அங்கே குறைந்தபட்சம் யார் எதை ஒதுக்குகிறார்கள் என்று தெரியும்.

பணம் கட்டினால் நல்லவர்கள் வருவார்களா?

பணம் கட்டினால் நீங்கள் மற்றவர்களுக்கு முன்னால் தெரிவீர்கள். டிண்டரின் பூஸ்ட் 30 நிமிடம் உங்களை வரிசையில் ஏற்றி வைக்கும். யார் உங்களை விரும்பினார்கள் என்று பார்க்கவும் பணம் வாங்குவார்கள். கணிப்பு அதனால் கூர்மையாவதில்லை. கட்டணம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். வயது கூடியவர்களிடம் டிண்டர் கூடுதலாக வாங்கியது வயதுப் பாகுபாடு என்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் சொன்னது.

90 சதவீதம் என்று காட்டினால் நம்பலாமா?

2014இல் ஓகேக்யூபிட் ஒரு சோதனை செய்ததைத் தானே வெளியிட்டது. 30 சதவீதம் பொருந்தியவர்களிடம் 90 என்று பொய்யாகக் காட்டினார்கள். அவர்கள் வழக்கத்தை விட அதிகமாகப் பேசத் தொடங்கினார்கள், உரையாடலும் நீண்டது. எண்ணைப் பார்த்ததும் நாம் பொருந்தத் தொடங்கிவிடுகிறோம். பயனாளர்களிடம் கேட்காமல் அப்படிச் செய்தது தவறு என்பது என் கருத்து.

ஆய்வாளர்களும் சதவீதங்களை நம்பவில்லை. ஈலை ஃபிங்கல் உள்ளிட்ட உளவியல் அறிஞர்கள் 2012இல் இருந்த சான்றுகளை எல்லாம் ஆராய்ந்து, இந்தக் கணக்குகள் வேறு வழிகளை விடச் சிறப்பாக ஜோடி சேர்ப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். 2017இல் சமந்தா ஜோயல் தலைமையில் இன்னொரு ஆய்வு. முன்பின் அறியாதவர்களிடம் 100க்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் கேட்டு எழுதிக்கொண்டு, அவர்களை நேரில் சில நிமிடம் பேசவிட்டார்கள். பொதுவாக யார் பலருக்கும் பிடித்தவராக இருப்பார் என்பதைக் கணினி ஓரளவு கணித்தது. குறிப்பிட்ட இந்த இருவருக்குள் பிடிக்குமா என்பதைக் கணிக்கவே முடியவில்லை. எனக்கு இந்த முடிவு ஆறுதலாக இருக்கிறது. செய்திப் பரிமாற்றத்தை வாரக்கணக்கில் இழுக்காமல் சீக்கிரம் நேரில் பாருங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

நேரில் பார்ப்பது பாதுகாப்பா?

பகலில், கேட்வே போன்ற கூட்டமுள்ள கடைத்தொகுதியில், உங்கள் வண்டியில் போய் உங்கள் வண்டியில் திரும்புங்கள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் டேட்டிங் செயலி வழியாக வரவழைத்து, கடத்திப் பணம் பறித்த வழக்குகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. முகம் காட்டாமல் பணம் கேட்பவரிடம் அந்த நொடியே பேச்சை நிறுத்துங்கள். கணக்கு சம்மதத்தைத்தான் கணிக்கிறது, நாணயத்தை அல்ல.

என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்க முடியுமா?

முடியும், கேளுங்கள். 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய போப்பியா என்னும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. தகவல் வைத்திருக்கிறார்களா என்பதைக் கட்டணமில்லாமல் சொல்ல வேண்டும். 24ஆம் பிரிவின்படி தவறானதைத் திருத்தவோ அழிக்கவோ கேட்கலாம். நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும் இந்த நாட்டில் உள்ள கருவிகளைக் கொண்டு தகவலைக் கையாண்டால் சட்டம் அதற்கும் பொருந்தும். இனம், மதம், உடல்நலம், பாலியல் வாழ்க்கை ஆகியவற்றைச் சட்டம் சிறப்புத் தகவல் என்று தனியாகக் காக்கிறது. டேட்டிங் செயலியில் நாம் கொட்டுவது முக்கால்வாசி அதுதான்.

71ஆம் பிரிவு, ஒருவரின் விருப்பங்களையும் நடத்தையையும் எந்திரம் மட்டுமே கணித்து, அவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவை எடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. யாரைக் காட்டுவது என்ற முடிவு அந்த அளவுக்குப் பாதிக்கிறதா என்பது வாதத்துக்குரியது. பாதிக்கிறது என்பதே என் வாதம். வாழ்க்கைத் துணை தேடும் ஊரில் பாதி ஊரை மறைப்பது சிறிய விஷயமா?

ஜூடித் டுபோர்டெய்ல் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் டிண்டரிடம் தம் தகவலைக் கேட்டார். 2017இல் அவருக்கு வந்தது 800 பக்கம்: எழுதிய செய்திகள், எங்கிருந்து எழுதினார், எந்த வயது ஆண்களைத் தேடினார், எல்லாம் இருந்தன. தமக்கு எப்படி மதிப்பெண் போட்டார்கள் என்பது மட்டும் அதில் இல்லை.

உங்கள் செயலியின் அமைப்புகளில் தகவலைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்தின் தகவல் அதிகாரிக்கு 23ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் புகார் செய்யலாம்.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, செயலியைத் தொலைபேசியிலிருந்து எடுத்துவிட்டேன். போதுமா?

போதாது. செயலியை எடுத்தாலும் கணக்கு அங்கேயே இருக்கும். உங்கள் படம் இன்னும் சிலருக்குக் காட்டப்படலாம். மறுபடி நிறுவி, அமைப்புகளுக்குள் போய், கணக்கை அழி என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகு செயலியை எடுங்கள். மாதக் கட்டணம் கட்டியிருந்தால் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் அதைத் தனியாக நிறுத்த வேண்டும். கணக்கை அழித்தாலும் அது தானாக நிற்காது.